மேலிருந்து விழுந்த சொல்

“பன்னாடை!”

மரத்து உச்சியிலிருந்து குரல் வந்ததும் மேனேஜர் கையிலிருந்த செய்தித்தாள் நழுவியது. முப்பத்தோரு வருஷம் ஆபீஸே எழுந்து நின்று பேசிய மனிதர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு இன்னும் மேனேஜர்தான். அவரை, அவர் வீட்டு வாசலிலேயே, மரம் சுத்தம் பண்ண வந்த ஆள் இப்படிக் கூப்பிடுவதா?

நிமிர்ந்து பார்ப்பதற்குள் கிழிந்த சாக்கு மாதிரி ஒன்று சொத்தென்று காலடியில் விழுந்தது. கிளம்பிய தூசியில் அடுக்கடுக்காக மூன்று தும்மல் போட்டார். அதே நேரம் மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம். உள்ளேயிருந்து அவர் மனைவி ஏதோ சொல்ல, சத்தம் பாதியிலேயே திரும்பி மேலே போனது.

“ஏம்ப்பா, யாரைச் சொன்னே?”

மரக்காரர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி கீழே பார்த்தார். “யாரையும் சொல்லலைங்க ஐயா. விழுந்துச்சே, அதைத்தான் சொன்னேன்.”

மட்டைக்கு அடியில் வலை மாதிரி பின்னிக்கிடக்கிற நாருக்குப் பேரே அதுதானாம். எது விழப்போகிறதோ அதன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாராம்.

“மட்டைன்னு சொன்னா பத்தடி தள்ளிப் போயிடணும். பன்னாடைன்னா நின்ன இடத்துல கண்ணை மூடிக்கிட்டாப் போதும், அவ்வளவும் தூசி. பேர் சொல்லாம நான் எதையும் கீழே போடறதில்லைங்க.”

வேறொரு நாளாக இருந்தால் மேனேஜர் விட்டிருப்பார். அன்று நாலு மணிக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். மகனும் அந்தப் பெண்ணும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று. பெண்ணின் அப்பா மட்டும் இன்னும் தலையாட்டவில்லை. வீட்டையும் மனிதர்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

மகன் வாய் திறந்து அப்பாவிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். இது கைகூடாமல் போனால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று மேனேஜருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அதற்காகத்தான் கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை நிற்கிற நாலு அலங்காரப் பனைகளுக்கும் முடி வெட்டி முகம் கழுவிவிட ஆள் பிடித்திருந்தார்.

“இது மரியாதையான வீடுப்பா. வேற ஏதாவது சொல்லு.”

“என்ன சொல்லட்டும்?”

மேனேஜர் யோசித்தார். ஆபீஸில் எத்தனையோ கடிதங்களைத் திருத்திய மூளை. “சல்லடைன்னு சொல்லேன்.”

மரக்காரர் சரியென்று தலையாட்டினார். இரண்டாவது மரத்திலிருந்து நாலைந்து சல்லடைகள் மரியாதையாக விழுந்தன. ஆனால் பழகின நாக்கு என்ன செய்யும்? மூன்றாவது மரத்தில் இரண்டு தடவை பழைய பேரே வந்துவிட்டது. இரண்டு தடவையும் மேனேஜர் அதட்டினார். இரண்டு தடவையும் மாடிப்படி தடதடத்து அடங்கியது.

பையனுக்குப் படபடப்பு, இருப்புக்கொள்ளாமல் ஏறி இறங்குகிறான் என்று மனைவியிடம் சொல்லிக் கவலைப்பட்டார். அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மரமும் பளிச்சென்று ஆகிவிட்டன. காய்ந்த மட்டை ஒன்றில்லை, அடிமரம் தேய்த்த தேய்ப்பில் வழவழவென்று இருந்தது. நாலாவதில் பாதி முடிந்திருந்தபோது கேட்டில் கார் வந்து நின்றது. மணி மூன்றரைகூட ஆகவில்லை.

பெண், அம்மா, அப்பா மூவரும் இறங்கினார்கள். மேனேஜர் கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார். அவர் மனைவியும் வாசலுக்கு வந்துவிட்டார். பெண்ணின் அப்பா தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மரங்களைப் பார்த்து, நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று சொல்லி, நாலாவது மரத்தடியில் நின்று அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தார். மேனேஜருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மேலே பெரிய நார்க் கொத்து ஒன்று பிடி விட்டுப்போனது. சல்லடையைத் தேடிக்கொண்டிருக்க மரக்காரருக்கு நேரமில்லை.

“பன்னாடை!”

பெண்ணின் அப்பா திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினார். அவர் நின்ற இடத்திலேயே அது விழுந்தது. வெள்ளைச் சட்டை காப்பிப் பொடி நிறத்துக்கு வந்துவிட்டது.

மேனேஜர் பதறிப்போய் முன்னால் வந்தார். “மன்னிச்சுக்கணும், அந்த ஆளுக்கு நாக்கு சுத்தமில்லை. எங்க வீட்டுல இப்படி ஒரு வார்த்தை யார் காதுலயும் விழுந்ததே இல்லீங்க.”

மாடிப்படி தடதடத்தது. இந்தத் தடவை திருப்பி அனுப்ப உள்ளே ஆளில்லை. ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக மகன் வாசலில் வந்து நின்றான்.

“இதோ வந்துட்டேன்ப்பா. காலையிலேர்ந்து நீங்க கூப்பிடக் கூப்பிட நானும் இறங்கி வர்றேன், உன்னை இல்லைடான்னு அம்மாதான் திருப்பி அனுப்பிட்டே இருக்காங்க.”

உச்சியிலிருந்து மரக்காரர், “இப்பவும் உங்களை இல்லை தம்பி,” என்றார் இரக்கத்தோடு.

மேனேஜர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. முதலில் பெண்ணின் அம்மாவுக்குத்தான் சிரிப்பு பீறிட்டது. பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெண்ணின் அப்பா சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு நேரே மகனிடம் போனார். தொங்கிக்கொண்டிருந்த கையைச் சட்டைக்குள் நுழைத்துவிட்டார்.

“எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காம ஓடி வர்ற பிள்ளை. எங்களுக்குப் பூரண சம்மதம்,” என்றவர், மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“கல்யாணப் பத்திரிகையில மட்டும் மாப்பிள்ளையோட சொந்தப் பேரையே போட்டுடுங்க, சம்பந்தி.”