தேதிக்கு ஒன்பது நாள்

கர்ப்பத்தின் பன்னிரண்டாம் வாரத்தில் ரத்தத்தையும் ஸ்கேனையும் பார்த்து டாக்டர் தேதியே சொல்லிவிட்டார். ஜூன் பதினெட்டில் பிரஷர் ஏறும். அதுவரை தினமும் மாத்திரை, கையில் ஒரு பட்டை. பிரஷர் ஏறினால் பட்டையே ஆஸ்பத்திரியைக் கூப்பிடும். என் தம்பி மனைவி அமுதினி குளிக்கும்போதுகூட அதைக் கழற்றியதில்லை.

வளைகாப்பில் நாத்தனார் நான் வளையல் போடப் போனால் பட்டை இடித்தது.

"போட்டோல அசிங்கமா இருக்கும்மா. தேதிக்குத்தான் இன்னும் ஒன்பது நாள் இருக்கே" என்று கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறந்தும் போனேன்.

சாயங்காலம், "தலை வலிக்குது அண்ணி" என்றாள்.

"கூட்டத்துல உட்கார்ந்த அலுப்பு. படு."

படுத்தவளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

குழந்தை இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. ஒரு கிலோ இருநூறு. இன்று காலை டாக்டர் அமுதினியிடம் கேட்டார்: "பட்டையை யாரும்மா கழட்டினது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் டாக்டர். வளையல் ஆசையில."

அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். அவளுக்குக் கொண்டுவந்து ஆறிப்போன கஞ்சியை நான் இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.