ராட்காவின் ரத்தம்

புழு மனிதக் குடலில் வளர்ந்தால்தான் அதன் குரோமோசோமை எண்ண முடியும் என்றார்கள். அந்த ஆய்வுக்கூடத்து வழக்கப்படி, ஏரிமீனிலிருந்து எடுத்த மூன்று நாடாப்புழுக் குஞ்சுகளை ராட்கா தானே விழுங்கினாள். கோஷிட்சே நகர இரும்பாலைத் தொழிலாளியின் மகளுக்கு முனைவர் பட்டம் வேறு எப்படிக் கிடைக்கும்?

ஆறு வாரம் கழித்து மருந்து குடித்தாள். மூன்று புழுக்களும் தலையோடு முழுசாக வெளியே வந்தன. அவற்றின் செல்களில் பதினெட்டு குரோமோசோம்கள். கணக்கு சரி.

ஒப்பிட்டுப் பார்க்கத் தன் ரத்தச் செல்களிலும் எண்ணினாள். மனிதருக்கு நாற்பத்தாறு இருக்க வேண்டும். அறுபத்து நாலு இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தாள். மறுபடியும் அறுபத்து நாலு: நாற்பத்தாறும் பதினெட்டும்.

"கண்ணாடித் தகட்டக் கழுவுனியா, மகாராணி?" என்று பேராசிரியர் ஹுடாக் நுண்ணோக்கியின் மேல் குனிந்தார்.

"மூணு தடவை கழுவிட்டேன் சார். உங்க புழுவ விழுங்குனவ நான். கிண்டல விட்டுட்டு எண்ணுங்க."

அவர் நிதானமாக எண்ணினார். திகைக்கவில்லை.

"நாற்பத்தாறுன்னு எழுதிடு," என்றார். "புழு விழுங்குன நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுனோம்."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, பாதியைப் பிட்டு நீட்டினார். ராட்கா மதியச் சாப்பாடு முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் பசித்தது; வாங்கித் தின்றாள்.