கம்பி இல்லாமல் போன படம்

கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஐந்தாவது லாரிக்கு மண் விழுந்துகொண்டிருந்தபோது, எதிர்க்கரையில் நின்ற கூட்டம் மாரிசெல்வத்தின் கண்ணில் பட்டது.

கல்யாணம் நிச்சயமான ஜோடி. பட்டுச்சேலையில் பெண், கூலிங்கிளாஸில் மாப்பிள்ளை. எதிரே கேமராவோடு இன்னொரு பெண்.

"வெளங்கும்! சித்திரை வெயில்ல முள்ளுக்காட்டுக்குள்ள வந்து ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுப் பாக்குறதுக்கு ஒரு போட்டோ!" என்று காறித் துப்பினான்.

துப்பிய பிறகுதான் உறைத்தது. கேமரா இந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது. ஜோடிக்கு நேர் பின்னால் மஞ்சள் பொக்லைன். மண் அள்ள அனுமதி என்று ஒரு துண்டுக் காகிதம்கூட அவனிடம் இல்லை.

கரையைச் சுற்றி நடந்தான். படம் பிடிக்கிறவர்களை அவன் ஒருநாளும் மனிதராக மதித்ததில்லை. அதிலும் இது பொம்பளைப் பிள்ளை. ஒரு அதட்டல் போதும்.

"ஏம்மா, யாரைக் கேட்டு எடுக்குறீக? இது சாமி எடம். ஊர்ல சும்மா விட மாட்டாக. எடுத்ததெல்லாம் அழி."

அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுகப்பிரியா எதிர்த்துப் பேசவில்லை. "தெரியாமப் போச்சுண்ணே" என்று அவன் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தாள்.

இவ்வளவுதானா உங்கள் தொழில் என்பதுபோல் மாரிசெல்வம் மீசையைத் தடவினான். அப்போதுதான் மாப்பிள்ளையின் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான். வெயிலில் அதன் திரையில் அவன் மூஞ்சிதான் தெரிந்தது.

"அது என்னது?"

"கேமராவுல எடுக்குற படம் வைஃபையில இதுக்கு வந்துரும்ணே. இதுலருந்து அப்பப்ப மாப்பிள்ளையோட அக்காவுக்குப் போயிரும். பேனருக்கு எந்தப் படம்னு அவுகதான் சொல்லணும்."

"வயரு இல்லாமயா?"

"வயரு இல்லாமத்தான்."

"அப்ப நீ அழிச்சது?"

"கேமராவுல அழிச்சிட்டேன். போனது போனதுதாண்ணே."

மாரிசெல்வம் மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். "அக்கா எங்கன இருக்காக?"

"தாலுகா ஆபீஸ்ல. துணை தாசில்தார்" என்றான் மாப்பிள்ளை பெருமையாக. "ஜெகதீஸ்வரின்னா எல்லாருக்கும் தெரியும்."

மாரிசெல்வம் அக்கரையில் நின்ற பொக்லைனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆனால் தன்னைவிடப் புத்திசாலி திருச்சுழி வட்டாரத்திலேயே கிடையாது என்பது அவன் நம்பிக்கை. அந்தம்மா ஜீப்பைக் கிளப்பும் முன்னால் நேரில் போய் முடித்துவிட வேண்டும். படிய வைக்க முடியாத ஆளும் உண்டா என்ன?

பைக்கை விரட்டி இருபது நிமிடத்தில் தாலுகா ஆபீஸில் போய் நின்றான்.

ஜெகதீஸ்வரி செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தன் பொக்லைனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தான்.

"மேடம், உங்களுக்கு வந்த படத்துல நிக்குற பொக்லைன் என்னுதுதான். இனி ஒளிச்சு என்ன செய்ய?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். போனைக் கவிழ்த்து வைத்தார். "உட்காருங்க. முழுசாச் சொல்லுங்க."

கைகாரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

"ரெண்டு மாசமா அள்ளுறேன். வடக்கு மடைக்குப் பக்கத்துல மட்டுந்தான். வெள்ளாமைக்குத் தண்ணி வராதுன்னு நாலு பேரு கத்துவாக, அதை விடுங்க. தம்பி கல்யாணம் வேற வருது. உங்க வீட்டு மனையை மேடாக்கணும்னா சொல்லுங்க, பத்து லோடு இறக்கி விட்டுர்றேன்."

ஜெகதீஸ்வரி கவிழ்த்து வைத்த போனை எடுத்தார். வருவாய் ஆய்வாளரைக் கூப்பிட்டார். அடுத்து போலீஸ் ஸ்டேஷனை.

பொழுது சாய்வதற்குள் பொக்லைனும் லாரிகளும் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டன. மாரிசெல்வம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, வைஃபை கண்டுபிடித்தவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தான். புகாரில் கையெழுத்துப் போட வந்த ஜெகதீஸ்வரியிடம், "அப்படி என்னதான் தெளிவா விழுந்துருச்சு? அந்தப் படத்தைக் காட்டுங்க பாப்போம்" என்று எகிறினான்.

அவர் போனை அவன் பக்கம் திருப்பினார்.

படத்தில் ஜோடி மட்டும் கண்ணாடிபோல் துலங்க, பின்னால் எல்லாமே புகைபோல் கலங்கிக் கிடந்தது, அதற்குக் கீழே தம்பிக்கு அவர் மத்தியானமே அனுப்பிய பதில் இருந்தது: "பின்னாடி மஞ்சளாப் பூத்து நிக்குற கொன்றை மரம் அழகா இருக்குடா, அதுக்கிட்டயே இன்னும் நாலு படம் எடுங்க!"