மெது நார்

மேனேஜர் சுப்பராயன் மருத்துவ அறிக்கையை ஆலைக் குமாஸ்தாவான என் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி, மணவாளனுக்குப் படித்துக்காட்டி, கைரேகை வாங்க வேண்டும்.

மணவாளன் எதிரே நின்றிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் எங்கள் இரும்பு உருட்டாலையில் ஒரு கம்பிக்கட்டு அவர் தோளில் விழுந்தது. அன்றிலிருந்து இடது கை தொங்குகிறது.

நடிக்கிறார் என்றது நிர்வாகம். அது உறுதியானால் வேலை போய்விடும். எமர்ஜென்சி நேரம், யூனியன் ஆள் யாரும் வரவில்லை.

சென்னையில் அவர் கைத்தசையைத் துளி வெட்டிச் சோதித்திருந்தார்கள்.

போன மாதம்தான் நான் படிக்கும் திருவள்ளூர் மாலைக் கல்லூரி வகுப்பில் இந்தப் பாடம் நடந்தது. தசையில் வேக நார், மெது நார் என்று உண்டு. மெல்லிய சீவலைக் காரத்தில் ஊறவைத்துச் சாயமேற்றினால் வேக நார் கறுக்கும். அமிலத்தில் ஊறவைத்தால் மெது நார் கறுக்கும். நல்ல தசையில் இரண்டும் சதுரங்கக் கட்டம்போல் கலந்திருக்கும். நரம்பு கெட்ட தசையில் ஒரே வகை கும்பலாகிவிடும்.

‘மெது நார்கள் கும்பலாக உள்ளன.’ அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான். நரம்பு என்ற சொல்லே இல்லை.

இரண்டு முறை படித்தேன். பாடத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்?

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“ஸ்லோவா? இவன் சதையே சோம்பேறின்னு டாக்டரே எழுதிக்கீறாருய்யா! இன்னாப்பா காலேஜு, அதானே?”

சாட்சிக்கு நின்ற மேஸ்திரிகள் சிரித்தார்கள்.

மெது நார்தான் களைக்காமல் நாளெல்லாம் சுமக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஆமா சார்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தசையில் சோம்பல் காணப்படுகிறது. கை விழுந்தது நடிப்பு. தொழிலாளி இதை ஒப்புக்கொள்கிறார்.

முதல் வரியை மட்டும் படித்துக்காட்டினேன்.

ஆண்களுக்கு இடது பெருவிரல். மணவாளன் வலது கையால் இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். விரல் மையில் அழுந்தவில்லை. மேனேஜர் எனக்குக் கண்காட்டினார்.

நான்தான் அந்த விரலைப் பிடித்து அழுத்தினேன், முதலில் மையில், பிறகு காகிதத்தில். ரேகை சுத்தமாக விழுந்தது.

மணவாளன் என் பக்கம் குனிந்தார்.

“சோம்பல் நோவா தம்பி? ஆறு மாசமா பேரு தெரியாம பேஜாராக் கெடந்தேன். மருந்து துன்னுட்டு திங்கக்கெழம டூட்டிக்கு வந்துடட்டா?”