ஞானஸ்நானச் சட்டை

“புலி அடிச்சும் சாகாதவன் நான். ஆனா பாச்சா உருண்டை வாசத்துல மூணு தடவை செத்துப் பொழைச்சவன்லா” என்றார் மோரிஸ்.

சுங்கை லாலாங் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தவர்கள் ரசித்தார்கள். தங்கை அகத்தா மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஞானஸ்நானச் சட்டையைப் பத்து நாள் மகனுக்கு மாட்டப் போனாள். பாச்சா உருண்டை வாசம் குப்பென்று அடித்தது.

மோரிஸ் சட்டையைப் பறித்துக்கொண்டார். “ரத்த அணுவுக்குக் காவல் நிக்கிற புரதம் ஒண்ணு எனக்குக் கம்மியாம். டாக்டர் சொன்னாரு. இந்த வாசம் ஏறுனா அணுவெல்லாம் ஒடைஞ்சிரும். நம்ம அம்மா வழியில வர்றது. உன் பையனுக்கும் இருக்கலாம்.”

“வாயத் தொறந்தா பொய். ஃபாதர் காத்திருக்காரு, குடுண்ணே.”

“பொய்யா? மூத்திரம் பால் ஊத்தாத கோப்பி-ஓ மாதிரி கறுப்பாப் போச்சு. சீனி போதுமான்னு நர்ஸு கேட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். நீட்டிய அகத்தாவின் கை அப்படியே நின்றது. பிறகு கொடியில் காய்ந்த துண்டை எடுத்துக் குழந்தையைச் சுற்றினாள்.

“அண்ணன் சொல்றது நெசந்தான்” என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். “இதே சட்டையைப் போட்ட மறுநாள், என் மூத்த பையன் துணியிலயும் அந்தக் கறுப்புதான் இருந்துச்சு. அவனப் புதைச்சப்புறம் நான் யாருகிட்டயும் சொல்லல.”