தாய்மாமன் மீசை

"எந்தக் கூமுட்ட இந்த ஃப்ளெக்ஸ அடிச்சது?"

முத்துக்கருப்பன் போட்ட சத்தத்தில் காளவாசல் சிக்னலில் நின்றவர்கள்கூட அந்தச் சின்ன ஃப்ளெக்ஸ் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் தம்பி தங்கப்பாண்டி தலையைக் குனிந்தபடி நின்றார்.

நாளை மறுநாள் தங்கப்பாண்டி மகளுக்குக் காதுகுத்து.

கடை முதலாளி ஷாநவாஸ் பதறி எழுந்தார். "என்னண்ணே, எழுத்துல ஏதும் தப்பா?"

"ஆளே தப்பு பாய்! தாய்மாமன் படம் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன். இங்க பாருங்க."

நீட்டிய செல்போனில், கோச்சடை மண்டப வாசலில் கட்டியிருந்த இருபதடி ஃப்ளெக்ஸ் தெரிந்தது. சொந்தக்காரர்கள் நாற்பத்திரண்டு பேரும் ஓரமாகப் போட்டோவில் சிரித்தார்கள். நடுவில், கையால் வரைந்த பெரிய படம். சிம்மாசனத்தில் தாய்மாமன் அழகுபாண்டி, அவன் மடியில் குழந்தை.

"எங்க மொகமெல்லாம் தீப்பெட்டி சைசு. அவன் மட்டும் ராசா! நெசத்துல அவனுக்கு மீசைன்னு இருக்கறதே நாலு முடி. இதுல அருவா கணக்கா வளைஞ்சு நிக்கிது!"

சண்டை ஒன்றும் சொத்துச் சண்டை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு முத்துக்கருப்பன் வைத்த கிடா விருந்தில், "என்ன மாமா, கிடா குழம்புல குளிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருச்சா?" என்று பந்தியில் உட்கார்ந்து அழகுபாண்டி கேட்டுவிட்டான். மொத்தப் பந்தியும் சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் சொல்லைத் தட்டாத தங்கப்பாண்டியும் மச்சினன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இடையில் அழுது தீர்த்தது தங்கப்பாண்டியின் மனைவி மீனாதான். "என் தம்பி மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்துறதா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷாநவாஸ் கடைக் கோடியைப் பார்த்துக் கத்தினார். "முத்துச்செல்வி!"

கூப்பிட்டதும் கேட்டுவிட்டால் அது முத்துச்செல்வியே இல்லை. தாம்பாளம் அளவுக்குப் பெரிய டேப்லெட்டை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தாள். அதைக் கையில் எடுத்தால் அவள் போன் அணைந்துவிடும், காதில் ஹெட்போன் ஏறிவிடும். திருத்தம் சொல்ல வருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பேனாவை வாங்கி, திரையிலேயே சிவப்பில் எழுதிவிட்டுப் போக வேண்டும். முதலாளிக்கும் அதே சட்டம்தான்.

ஷாநவாஸ் போய் ஹெட்போனைக் கழற்றினார். விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்து நின்றாள்.

"அவுக வேணாம்னு சொன்னது காதுல விழலண்ணே. தாய்மாமன் இல்லாமக் காதுகுத்து ஃப்ளெக்ஸ் உண்டா? படம் குடுக்க மறந்துட்டாகன்னு நெனச்சு, ஃபேஸ்புக்ல தேடி நானே வரைஞ்சுட்டேன்."

"கேட்டீகளா பாய்! இந்தப் புள்ள நெனச்சுச்சாம்! அங்க அவன் செல்லூர்லேர்ந்து மீனாவுக்குப் போன் அடிச்சு, 'மாமா என்னைய நடுவுல ஒக்கார வச்சிட்டாருக்கா'ன்னு ஓன்னு அழுகுறான். முப்பது தட்டுச் சீரோட வாரானாம்!"

"ஒரு மணி நேரத்துல வேற அடிச்சுத் தாரேண்ணே" என்ற ஷாநவாஸ், முத்துச்செல்வி பக்கம் திரும்பினார். "நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

பின்னால் நின்ற தங்கப்பாண்டி முன்னால் வந்தார்.

"அய்யய்யோ, என்ன பாய் நீங்க? தெரியாமச் செஞ்ச புள்ளைய வேலைய விட்டா நிப்பாட்டுறது?" பிறகு அண்ணனிடம், "அண்ணே, ஊரே பாத்திருச்சு. இப்பக் கழட்டுனா, கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறாகன்னு உங்களத்தான் பேசுவாக."

முத்துக்கருப்பன் யோசித்தார். ஊர் பேசும் என்றால் அவருக்கு உடனே புரியும்.

"சரி, வந்து தொலையட்டும். ஆனா இந்தத் தடவ கறிய அண்டா அண்டாவா எறக்கணும். ஒரு பய வாய் தெறக்கக் கூடாது!"

இருவரும் பைக்கில் ஏறிப் போனார்கள்.

ஷாநவாஸுக்கு இன்னும் ஆறவில்லை. "நல்லவேளை, அந்தத் தம்பி தங்கமான ஆளு. அவரு கேட்டுக்கிட்டதால விடுறேன். அதக் குடு இங்க."

"எதுக்குண்ணே?"

"வரையும்போது நீ போட்ட ஒவ்வொரு கோட்டையும் இது திருப்பிக் காட்டும்ல? எங்க கோட்டை விட்டேன்னு பாப்போம்."

"வேணாம்ணே!" முத்துச்செல்வி டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் விடாமல் கை நீட்டவும், சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "வெள்ளிக்கிழம நீங்க தொழுகைக்குப் போயிருந்தப்ப ஒருத்தர் வந்தாருண்ணே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எங்கிட்டயுமா?" ஷாநவாஸ் வாங்கி, பொத்தானைத் தொட்டார்.

வெள்ளைத் திரையில் ஒரு காது முளைத்தது. பிறகு மூக்கு, சிரித்த வாய், நாலே முடி மீசை. அதற்குப் பக்கத்தில் கோணல்மாணலாய்ச் சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாய் ஊர்ந்து வந்தன:

"தாயி, எம்மாப்ள மீசைய அருவா கணக்காப் போடு. பாத்ததும் ஓடி வரணும். எங்கண்ணன் கேட்டா மட்டும், நீயா வரைஞ்சேன்னு சொல்லிரு."