ஏழாவது கேள்வி

"அவர ஒரு தடவ காட்டு பாப்பா," என்றாள் மஹ்பூபி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "மக்பூல் அகமதோட வூட்டுக்காரி நான்."

ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரிக்கு இரண்டு பஸ் மாறி, வீடு விசாரித்து வந்திருந்தாள்.

இவாஞ்சலின் அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. எம்.சி.ஏ.வுக்கு ஒன்று, எம்.எஸ்சி. மல்டிமீடியாவுக்கு ஒன்று. இரண்டையும் தபாலில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். எம்.சி.ஏ. படிவம் முழுசாக நிரம்பியிருந்தது. மற்றதில் பெயருக்குக் கீழே எதுவும் இல்லை.

மல்டிமீடியாவுக்கு, சொந்தமாகச் செய்த படைப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. போன வருடம், 2003இல், காலேஜ் ப்ராஜெக்டுக்காக, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குச் செய்துகொடுத்த பாதுகாப்புப் பயிற்சி சிடி. அதில் தொழிலாளியாக நடித்தவர் மக்பூல் அகமது. அந்த டேனரியில் கேமராவுக்குக் கூச்சப்படாத ஆள் அவர் ஒருவர்தான்.

இரண்டு மாதத்துக்கு முன், அதே டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி அவர் இறந்துபோனார்.

அதன்பிறகு இவாஞ்சலின் அந்த சிடியைத் தொடவில்லை.

திரையில் தொட்டியருகே மக்பூல் நின்றார். பக்கத்தில் ஒரு கேள்வி, மூன்று பதில்கள். மஹ்பூபிக்குப் படிக்கத் தெரியாது. இவாஞ்சலின் படித்துச் சொன்னாள்.

"தப்பானத அழுத்து," என்றாள் மஹ்பூபி.

அழுத்தினாள். மக்பூல் கைகளை விரித்துக்கொண்டு விழுந்தார். திரை சிவந்தது. இரண்டு விநாடி கழித்து, சட்டையில் அழுக்குப் படாமல், சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்.

மஹ்பூபி துப்பட்டா முனையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ."

நான்கு முறை விழுந்தார். நான்கு முறையும் எழுந்தார்.

ஆறு கேள்விகளும் முடிந்தன. திரையில் நின்ற மக்பூலுக்குக் கீழே நன்றி என்று வந்தது.

"முடிஞ்சிச்சா?"

"ஆறுதாங்க்கா."

மஹ்பூபி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்க மட்டும் அவள் வரவில்லை என்று இவாஞ்சலினுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தொட்டிக்குள்ள ஒருத்தன் விழுந்து கெடந்தா இன்னா பண்றதுன்னு இதுல இல்லியா?"

"இல்லக்கா."

"சிடி போட்டு எல்லாம் சொல்லிக் குடுத்தோம், தெரிஞ்சேதான் எறங்கினாருன்றான் மேனேஜர்."

"ஏழாவதா அந்தக் கேள்விய வெக்கலாம்னு இருந்தேன்." இவாஞ்சலின் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "நேரம் பத்தலக்கா. வெக்கல."

அடிப்பாள், சபிப்பாள் என்று காத்திருந்தாள். மஹ்பூபியோ வெகு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டதுபோல நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்ப அவருக்குத் தெரியாது," என்றாள். "இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டு."

"லேபர் ஆபீஸ்ல குடுக்கவாக்கா?"

"என் தம்பிக்கு."

இவாஞ்சலினுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு உள்ள கெடந்தது என் தம்பி இஷ்தியாக்தான். அவரு எறங்கி இவன மேல தூக்கிவுட்டாரு. இவன் பொழச்சிக்கினான். செத்துப்போவோம்னு தெரிஞ்சே எனக்காக எறங்கிட்டாருன்னு ஒரே பொலம்பல். சோறு எறங்கல. முந்தாநாள் கயித்த எடுத்துட்டான் பாப்பா. நான்தான் புடுங்கிப் போட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நான் சொன்னா நம்ப மாட்றான். அவன் படிச்சவன். நீ எழுதினத படிச்சா நம்புவான்."

இவாஞ்சலின் பேனாவைத் திறந்தாள்.

எழுதினாள். இந்த சிடியைச் செய்தது நான். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் இறங்கக் கூடாது என்பது இதில் இல்லை. மக்பூல் அகமதுவுக்கு அது சொல்லித்தரப்படவில்லை.

கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

மஹ்பூபி அந்தத் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

அவள் தெருமுனை திரும்பும்வரை இவாஞ்சலின் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தபோது மக்பூல் திரையில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஏழாவது கேள்வி இல்லாமல் இவரை இப்படியே விட்டுவிட்டு வேறெந்தப் படிப்புக்கும் போக முடியாது என்று தோன்றியது. மல்டிமீடியா படிவத்தை நிரப்பி, சிடியை அட்டைக்குள் செருகி, உறையை ஒட்டினாள். எம்.சி.ஏ. படிவம் மேசையிலேயே கிடந்தது.

தபாலாபீஸ் மூட அரை மணி நேரம் இருந்தது. முன்னால் ஐந்தாறு பேர். உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

படமெடுத்த அன்று, தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டு மக்பூலே அவளிடம் அதைக் கேட்டிருந்தார். உள்ளே ஆள் விழுந்து கிடந்தால்?

"எறங்கவே கூடாது பாய். நீங்களும் செத்துடுவீங்க," என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். இரண்டு தடவை.

அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பி வந்தார்.

"அது சரிம்மா. ஆனா நம்ம ஆளு கண்ணு முன்னாடி கெடக்கறப்ப எறங்காம எப்டி நிக்கிறது?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலையே ஏழாவது கேள்வியை நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டாள்.